தளர்ந்த முடிச்சு

பழநி மலைச் சரிவுகளிற் பிறந்து, பெரியகுளத்தைத் தென்கரை என்றும் வடகரை என்றும் இரண்டாக வகுத்துவிட்டு, வடுகபட்டியின் வயல்களைத் தொட்டுக்கொண்டு கிழக்கே இறங்கி வைகையிற் கலக்கும் வராக நதி, மழை மாதங்களைத் தவிர மற்றக் காலங்களில் நதி என்ற பெயருக்கு நாணிக்கொண்டு ஓடும் சிற்றாறுதான். ஆயினும், ஆழ்நீரிலிருந்து பூமியைத் தூக்கி வந்த அவதாரத்தின் பெயரை அது தாங்கியிருப்பதனால், நீரையும் நீரில் வாழும் ஜீவன்களையும் பற்றி ஒரு தர்ம விசாரம் செய்வதற்கு அதன் கரையைக் காட்டிலும் பொருத்தமான இடம் எனக்கு வேறு அகப்படவில்லை. அங்குள்ள வாய்க்காலில் துண்டை விரித்துக் கெண்டைக் குஞ்சு பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, இரவெல்லாம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கி, விடியற்காலையில் அது வெள்ளை வயிறு மேலாக மிதப்பதைக் கண்டு அழுது, பாட்டியிடம் ஏச்சும் வாங்கி, பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி அதே துண்டோடு அதே வாய்க்காலுக்குப் போன பிள்ளைகளில் நானும் ஒருவன். ஆகையால் இந்த விஷயத்தில் நீதிபதியின் ஆசனத்தில் அமர எனக்கு யோக்கியதை கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி மகன் பொங்கலுக்கு ஊர் வந்திருந்தான். தான் ஊரோடு வந்து தங்கும் காலத்தில், கூடத்தில் ஆறடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி அமைத்து, கடல்நீர் கூட்டி, அதில் ஃபேரி ராஸ் என்னும் மீன்களை வளர்க்கப் போவதாகச் சொன்னான். அவற்றின் படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தவன், நான் ஒன்றும் பேசாதிருப்பதைக் கண்டு, "சரியா வச்சுக்கிட்டா அஞ்சாறு வருஷம், எட்டு வருஷம்கூட இருக்கும் பெரியப்பா. நல்லா வச்சுக்கிட்டா பாவம் இல்லேதானே?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்டானோ வினயமாகக் கேட்டானோ அறியேன். கேள்வி என்னமோ விளையாட்டான கேள்வியன்று.

ஃபேரி ராஸ் என்பது தனியொரு மீனின் பெயரன்று. ஒரு குலத்தின் பெயர். 1845-இல் சிர்ரிலாப்ரஸ் என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட அந்தக் குலத்தில் இன்று அறுபதுக்கு மேற்பட்ட இனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும் இம்மீன்கள், இந்துமகா சமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும், பவளப் பாறைகள் உடைந்து கல்லும் சில்லுமாகக் கிடக்கும் சரிவுகளின் மேல், நீரோட்டம் கொண்டுவந்து தரும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களைக் கொத்தித் தின்றுகொண்டு கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. கூட்டத்துக்கு ஆண் ஒன்று. அது தன் பெண்களின் முன்னிலையில் துடுப்புகளை விரித்து உடலின் நிறத்தை ஒரு க்ஷணத்தில் ஏற்றியும் இறக்கியும் காட்டுமாம். இவை பெண்ணாகவே வாழ்வைத் தொடங்குகின்றன; ஆண் மறைந்தால், பெண்களுக்குள் பெரியது சில வாரங்களில் ஆணாக மாறிவிடுகிறது. இதைக் கேட்டு வியப்போர் நம்மவராயிருந்தால், வைவஸ்வத மனுவின் வீட்டில் இளை என்ற பெண்ணாகப் பிறந்து, வசிஷ்டரின் பிரார்த்தனையால் சுத்யும்னன் என்ற ஆணாக மாறிய பிள்ளையின் கதையை மறந்தவர்களாகவே இருக்க வேண்டும். அந்த மனுவே முற்பிறப்பில் சத்தியவிரதன் என்ற பெயரில் ஒரு மீனை வளர்த்தவன் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. அந்தக் கதைக்குத்தான் நான் வந்துகொண்டிருக்கிறேன்.

பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தம், திராவிட தேசத்தரசனான சத்தியவிரதன் கிருதமாலா நதியில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்ததாகவும், அவன் குவித்த கையின் நீரில் ஒரு சிறு மீன் வந்து அகப்பட்டதாகவும் சொல்கிறது. சபரீ என்கிறது மூலம், நம் கெண்டைதான். கிருதமாலா என்பது வைகையே என்பாரும், வைகையின் கிளை என்பாரும் உண்டு. மதுரை நகருக்குள் கிருதமால் என்ற பெயரோடு ஒரு கால் இன்றும் ஊரின் கழிவைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. எப்படிக் கொண்டாலும், நம் புராணங்கள் அறிந்த முதல் மீன் வளர்ப்பாளன், வராக நதி சென்று சேரும் அதே ஆற்றங்கரையில் நின்றவன் என்று சொல்லிக்கொள்ள எங்களூர்க்காரனுக்கு உரிமை உண்டு.

அவன் முதலில் செய்த காரியம், நல்ல மனிதர் எவரும் செய்யக்கூடிய காரியம்: மீனை நீரோடு மறுபடி ஆற்றில் விட்டான். மீனோ, என்னினும் பெரியவை என்னைத் தின்றுவிடும், என்னை இங்கே விடலாமா என்று முறையிட்டது. இரங்கிய அரசன் அதைக் கமண்டலத்தில் இட்டு ஆசிரமத்துக்கு எடுத்துப் போனான். ஓரிரவில் கமண்டலம் போதாமற் போயிற்று. பெரிய நீர்ச்சாலில் இட்டான். ஒரு முகூர்த்தத்தில் மூன்று முழம் வளர்ந்தது. குளத்தில் விட்டான், ஏரிகளில் விட்டான், கடைசியில் சமுத்திரத்துக்கே கொண்டுபோனான். அங்கும் அது மகர மீன்களுக்கு அஞ்சுவதாகச் சொன்னபோதுதான், இது மீனன்று என்று அவனுக்கு விளங்கியது. இக்கதையைச் சொல்லுகிற பௌராணிகர்கள் வளர்ந்த மீனின் பெருமையையே விஸ்தரிப்பது வழக்கம். எனக்கோ, அதற்கு முந்திய அந்த இரவுகளில் பாத்திரம் பாத்திரமாக மாற்றிக்கொண்டிருந்த மனிதனின் மேலேயே கவனம் செல்கிறது. வளர்ப்பது என்று ஏற்றுக்கொண்டபின், பாத்திரம் போதவில்லை என்று மீன் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன் கேட்டான். ஒரு தடவையாவது, இதற்குள் அடங்கி இரு என்று சொன்னானில்லை.

ஆனால் என் தம்பி மகன் இந்தக் கதையைத் தன் பக்கத்துச் சாட்சியாக அழைக்க முடியாது. சத்தியவிரதனுடைய மீன் அபயம் கேட்டு வந்த மீன். அது தானே அவன் கையில் ஏறியது, தானே வாய் திறந்து பேசியது. கடைத்தெருவின் பிளாஸ்டிக் பைக்குள் பிராணவாயு நிரப்பிக் கட்டி வரும் மீன் யாரிடமும் அபயம் கேட்கவில்லை. கோமாளி மீன் என்று பிள்ளைகள் அறிந்த மீனை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்துவிட்டார்கள். ஃபேரி ராஸ் குலத்தில் அப்படித் தொட்டியிற் பிறந்தவை மிக அரிது, விற்பனைக்கு வருவன ஏறத்தாழ எல்லாமே கடலிற் பிடித்தவை. ஆகவே இங்கே முதலில் நடப்பது ரக்ஷணம் அன்று, பந்தம். கட்டுதல்.

கட்டுதலைப் பற்றி நம் பக்கத்திலேயே நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக் கருப்பணசாமி கோவிலை ஒட்டிய பாறையில், தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஓராயிரம் ஆண்டுகளாக மௌனமாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கீழே, மதுரை நாட்டின் பல மலைகளில் காணப்படும் அச்சணந்தி என்ற முனிவரின் பெயரும் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சமண மதத்தின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தானின் அஹிம்சை விரதத்துக்கு நேரும் குற்றங்களென ஐந்தைச் சொல்லும்: பிராணிகளைக் கட்டுதல், அடித்தல், அங்கத்தைச் சேதித்தல், மிகைப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கொல்லுதல் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது விரதத்தையே முறிப்பது. கொல்லாமலே செய்யக்கூடிய ஹிம்சைகளின் கணக்கு இது. கட்டுதல் அதன் தலையில் நிற்கிறது.

ஆனால் மாடு வைத்திருக்கும் குடியானவன் கட்டாமல் என்ன செய்வான்? இல்லறத்தானுக்குரிய சிராவக தர்மத்தை விரித்துரைத்த ஆசாரியர்கள் அதையும் யோசித்தார்கள். கட்டாமலே நிற்கும் பிராணிகளை வைத்துக்கொள்வது உத்தமம். கட்டித்தான் ஆகவேண்டுமென்றால், தீப்பிடித்த சமயத்தில் அவிழ்த்துக்கொண்டு தப்பும்படி முடிச்சைத் தளர்த்திக் கட்டு என்றார்கள். மகத்தான பேச்செல்லாம் பேசும் மதங்கள் ஒரு தாம்புக்கயிற்றின் முடிச்சு வரையில் இறங்கி வந்து யோசிக்கும் இடங்களே எனக்கு மிகவும் பிரியமானவை.

இந்தத் தளர்ந்த முடிச்சை அளவுகோலாகக் கையில் எடுத்துக்கொண்டு மீனிடம் வருவோம். மாலத்தீவுக் கடலில் நாற்பது முதல் எழுபது மீட்டர் ஆழத்தில் வாழும் ரோஜா நிற ஃபேரி ராஸ் ஒன்றுக்கு 2022-இல்தான் சாஸ்திரீயமான பெயர் சூட்டப்பட்டது. அப்பெயரிலுள்ள ஃபினிஃபென்மா என்றால் அந்நாட்டுத் திவேகி மொழியில் ரோஜா. மாலத்தீவைச் சேர்ந்த அகமது நஜீப் என்னும் விஞ்ஞானி அதற்குப் பெயரிட்டவர்களில் ஒருவர், அந்நாட்டு விஞ்ஞானி ஒருவர் மாலத்தீவு மீனினம் ஒன்றை முறைப்படி விவரித்தது அதுவே முதல் முறை. ஆனால் பெயர் கிடைக்குமுன்பே அந்த மீனுக்கு விலை கிடைத்திருந்தது. வேறோர் இனத்தின் பெயரில் அது வியாபாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நாமகரணத்துக்கு முன்னால் கிரயம்! ஐம்பது மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பைப் போல் ஆறு மடங்கு; அங்கிருந்து ஒரு மீனை விரைந்து மேலே கொண்டுவந்தால் அதன் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை உப்பி மற்ற உறுப்புகளை நெரிக்கும். பொறுமையுள்ள முக்குளிப்போர் கட்டங்கட்டமாக நிறுத்தி மேலேற்றுவார்கள். அவசரமுள்ளவர்கள் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். பையில் அடைத்து விமானம் ஏற்றுவதற்கு முந்திய ஓரிரு நாட்கள், வழியில் நீரைக் கெடுக்காதிருக்கும் பொருட்டு, மீன்களைப் பட்டினி போடுவதும் இந்த வியாபாரத்தின் வழக்கம். அங்கச் சேதம், அன்னம் தடுத்தல் என்று சூத்திரகாரர் எழுதியபோது இதையெல்லாம் மனத்தில் வைத்திருக்க முடியாது; ஆனாலும் அவர் சொல் எத்தனை தூரம் வந்து பொருந்துகிறது! பிலிப்பைன்ஸ் முதலான கடல்களில் 1960-களிலிருந்து சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்துவரும் கொடுமையைப் பற்றி விஸ்தாரமாக எழுதக் கை கூசுகிறது. (அடித்தல் என்ற குற்றத்துக்கு, தொட்டியின் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்க்கும் விருந்தாளிகளின் பிள்ளைகளை உதாரணமாகச் சொல்லலாம்.)

இவையெல்லாம் நடந்து முடிந்த பின்னரே மீன் வாங்குபவனின் கைக்கு வருகிறது. நடந்தவற்றில் எதையும் அவன் செய்யவில்லை. எல்லாம் அவன் பொருட்டு நடந்தன.

சரி, தொட்டிக்கு வருவோம். வடுகபட்டியிலிருந்து எத்திசையில் போனாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே கடலைச் செய்ய வேண்டும். ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 680 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 35 கிராம் வீதம், கடலின் சுண்ணச் சத்தும் மக்னீசியமும் சேர்ந்த செயற்கை உப்பு கிட்டத்தட்ட 24 கிலோ கரைக்க வேண்டும். பவளம் வைக்கலாமென்றால், 2001-இலேயே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அதைச் சேர்த்துவிட்டார்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததால் நீருக்குள் மூழ்கிப்போன கதையை அறிந்தவர்கள் அந்தச் சட்டத்தின் மேல் குறை சொல்லமாட்டார்கள். ஆகவே நம்மவனுக்கு வெறும் பாறையே கதி. அந்தப் பாறைகளின் துளைகளில், மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் குடியேறுவதற்கு ஒரு மாதமோ அதற்கு மேலுமோ வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வந்த மீனையும் நான்கு வாரம் வேறொரு தொட்டியில் தனியே வைத்து, வெள்ளைப்புள்ளி நோய் இல்லை என்று நிச்சயித்த பின்பே உள்ளே விட வேண்டும்.

பிறகு நித்திய கர்மம் தொடங்குகிறது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு நாள்தோறும் நன்னீரையே ஊற்ற வேண்டும், உப்புநீரை ஊற்றினால் சில வாரங்களில் கடல் ஊறுகாய்ச் சாடியாகிவிடும். சித்திரை வெயிலில் தேனி ஜில்லா கொதிக்கையில் தொட்டி இருபத்தேழு டிகிரியைத் தாண்டாமல் காக்க வேண்டும். மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கும். அதற்குப் பேட்டரி வேண்டும், பேட்டரி எழுப்பும் ஒலிக்கு விழித்துக்கொள்ளும் காதும் வேண்டும். கடலில் பகலெல்லாம் கொறித்துக்கொண்டே திரியும் மீன் இது. ஒரு நாளைக்கு ஒரு வேளை என்றால் மெலிந்துபோகும், இரண்டு மூன்று வேளை கொடுக்க வேண்டும். வீட்டில் ஏகாதசியானாலும் மீனுக்கு ஏகாதசி இல்லை. புதிதாக வந்து உண்ண மறுக்கும் மீனுக்கு, உணவைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்துக் கொடுத்தால் வாசனைக்கு வாய் திறக்கும் என்று உலகமெங்கும் மீன் வளர்ப்போர் நம்புகிறார்கள். நோயைத் தீர்க்கும் என்பது நிரூபணமாகவில்லை, ருசியைத் தூண்டும் என்பதில் பலருக்கும் அனுபவம் உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு வந்து இறங்கும் சந்தை வடுகபட்டியிலேயே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எங்களூர் எந்தக் கடற்கரைப் பட்டணத்துக்கும் இளைத்ததன்று. உத்தமபாளையத்துப் பாறையில் இருப்பவர்களோ பூண்டைத் தீண்டாதவர்கள்! இரவானால் இம்மீன்களிற் பல தாம் சுரக்கும் கோழையால் மெல்லிய உறை ஒன்றைத் தம்மைச் சுற்றிப் பின்னிக்கொண்டு பாறையிடுக்கில் உறங்கும். அந்நேரம் விளக்கைப் போட்டு விருந்தினருக்கு வேடிக்கை காட்டலாகாது.

இவ்வளவும் செய்தபின், ஒரு நாள் காலையில் மீன் தரையில் காய்ந்து கிடக்கும். ஏனெனில் ஃபேரி ராஸ் தாவும் மீன். துரத்தினால் தாவும், திடீரென்று விளக்கு அணைந்தால் தாவும், காரணமே இல்லாமலும் தாவும். கடலில் அதற்கு மேலே நீர் இருக்கிறது, இங்கே கூடத்துத் தரை இருக்கிறது. நோயைக் காட்டிலும் இதனாலேயே இம்மீன்கள் தொட்டியில் அதிகம் மாண்டுபோகின்றன என்பது வளர்த்தவர்களின் வாக்கு. அதற்குப் பரிகாரம் ஒன்றே: கால் அங்குலக் கண்ணுள்ள வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மூலை முடுக்கு விடாமல், குழாய் நுழையும் இடுக்கையும் விடாமல் மூடிவிட வேண்டும்.

இங்கேதான் என் அளவுகோல் கையில் முறிந்துபோயிற்று. மாட்டின் கயிற்றைத் தளர்த்துவது கருணை; இந்த வலையைத் தளர்த்துவது கொலை. தீப்பிடித்த காலத்தில் தானே அவிழ்த்துக்கொண்டு போக மாட்டுக்கு வெளியே ஒரு தோட்டம் இருக்கிறது. இந்த மீனுக்கு வெளியே ஒன்றுமில்லை. வராக நதியில் விட்டால் சில நாழிகையில் சாகும். மண்டபத்துக்குக் காரில் ஏற்றிப் போய்க் கடலில் விட்டாலோ, அது தன் கடலன்று. தொட்டியின் நோய்களைச் சுமந்து சென்று அங்குள்ளவற்றுக்கும் கொடுக்கக்கூடும். வளர்ப்பவர் கைவிட்டதாகக் கருதப்படும் சிங்க மீன்கள் 1980-களிலிருந்து புளோரிடாக் கரையில் தலைகாட்டி அந்தப் பக்கத்துக் கடலையே சூறையாடி வருவது, இரக்கம் எவ்வளவு அபாயகரமான காரியம் என்பதற்கு உதாரணம். சத்தியவிரதன் முதலில் செய்த அந்த நல்ல காரியம்கூட நமக்கு அடைபட்ட கதவு. தளர்த்தினால் சாகும் உயிரைக் கட்டவே கூடாது என்பதுதான் தளர்ந்த முடிச்சுக்குள் அடங்கியிருந்த விதி என்று இப்போது எனக்குப் படுகிறது. ஆசாரியர்கள் மாட்டை நினைத்துச் சொன்னதனால் அந்த மறுபாதியைச் சொல்ல நேரவில்லை.

இதற்கு என் தம்பி மகன் சொல்லக்கூடிய ஆக்ஷேபத்தை நானே சொல்லிவிடுகிறேன். கடல் மட்டும் என்ன தர்ம ராஜ்யமா? பெரியது சிறியதைத் தின்பதற்கு மத்ஸ்ய நியாயம் என்று பெயர் வைத்தவர்களே நம் முன்னோர்தாம். கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில்கூடப் பவளம் வெளுத்துச் சாகிறது. தொட்டியில் எட்டு வருஷம் பயமில்லாமல் இருப்பது மீனுக்கு லாபந்தானே? இந்த வாதத்துக்கு வடுகபட்டியில் எளிதில் செவி கிடைக்காது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காகத் தம் ஊர்களை நீருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் குடியேறிய ஊர்களில் இதுவும் ஒன்று. அப்படிச் சிறுவனாக இங்கே வந்து வளர்ந்த வைரமுத்து, மூழ்கிய ஊர்களைப் பற்றி எழுதிய கள்ளிக்காட்டு இதிகாசத்துக்கு 2003-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் கிடைத்தது. புது இடத்தில் பள்ளிக்கூடம் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம் என்று பெயர்ந்து வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை அவர்கள் மறுக்கமாட்டார்கள், ஆனால் கணக்குத் தீர்ந்ததென்றும் சொல்லமாட்டார்கள். நாம் பெயர்த்து வைத்த உயிர் நெடுநாள் இருந்தது என்பது நமக்கு ஆறுதல். அது நமக்குப் புண்ணியமாவது எப்படி? பூண்டுச் சந்தையில் வட்டியைத் தவறாமல் கட்டுகிறவனை நாணயஸ்தன் என்பார்கள். அந்த வட்டியை அவன் தானக் கணக்கில் எழுதினால் சிரிப்பார்கள்.

ஆகவே அவனுக்கு நான் கடிதத்தில் எழுதியது இவ்வளவுதான். வாங்காதே, மண்டபத்தார் வழியிற் பிறந்த கோமாளி மீன் இரண்டு போதும், அவற்றுக்கும் கடன் உண்டென்றாலும் அசல் சிறியது. மீறி வாங்கினாயென்றால், ஆண் ஒன்றை மட்டும் வாங்கி வைத்து, எதிரில் பெண் இல்லாமையால் அதன் நிறம் மாதத்துக்கு மாதம் மங்குவதைப் பார்த்துக்கொண்டிராதே; மீன் வாங்குமுன் வலையை வாங்கு; பெரியப்பா சாவுக்குத் தொட்டியைவிட்டு வரவேண்டியிருந்தால், வேளைக்கு உணவிட ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டு வா. அதன்மேல் எனக்கு அன்பு என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. பதில் இன்னும் வரவில்லை. வலை எங்கே கிடைக்கும் என்று தன் தகப்பனாரிடம் விசாரித்ததாகக் கேள்வி.

கடிதத்தைத் தபாலில் சேர்த்தபின் மறுபடி அந்த எட்டாம் ஸ்கந்தத்தைப் புரட்டினேன். பிரளயம் வருகிறது; ரிஷிகளும் விதைகளும் ஏறிய ஓடம் அலையில் தத்தளிக்கிறது. ஒரு காலத்தில் கமண்டலத்துக்குள் இருந்த மீன் கொம்போடு எதிரில் வந்து நின்று, வாசுகியைக் கயிறாக்கி ஓடத்தை என் கொம்பிற் கட்டு என்கிறது. கட்டியவன் சத்தியவிரதனே. கட்டுண்டு இழுபட்டுப் போனவனும் அவனே. இம்முறை மீன் முன்னே செல்கிறது, வளர்த்தவன் பின்னே போகிறான். அந்தக் கொம்பில் அவன் எப்படிப்பட்ட முடிச்சுப் போட்டான் என்பதைப் பாகவதம் சொல்லவில்லை.